பாதர் சோர்ந்து போனால் யார் தேற்றுவது?

நானாட்டான் பிரதேசத்தில், வங்காலைக்கு அண்மையில் இருக்கும் நறுவிலிக்குளம் போன்ற கத்தோலிக்கக் கிராமங்களில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இன்னொரு கூட்டம் தொடங்கும். அதற்கு மணி அடிப்பதில்லை, தலைவரும் இல்லை. கோயில் வளவு மர நிழலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நாலு பேர், வாசலில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி மூன்று பேர். பேசப்படுவது பெரும்பாலும் ஒருவரைப் பற்றித்தான்.

“இண்டைக்கு மறையுரை நீண்டு போச்சு.” “போன பாதர் இப்பிடியில்லை.” “திருவிழாக் கணக்கு இன்னும் வரேல்லை.” “அந்தத் தெருப் பக்கம்தான் அவருக்குக் கண்.”

அந்த நேரத்தில் அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு அடுத்த கோயிலில் பூசை வைக்கப் புறப்பட்டிருப்பார். ஆனால் பேச்சு அவரிடம் போய்ச் சேரும். யாராவது ஒருவர் மாலையில் அறைவீட்டுக்கு வந்து, “நான் சொல்லேல்லை பாதர், சனம் கதைக்குது” என்று தொடங்குவார்.

இது எந்த ஒரு பங்கையும், எந்த ஒரு குருவையும் குறித்து எழுதப்படுவதல்ல. மன்னார் மாவட்டத்தின் எந்தப் பங்கில் வைத்து வாசித்தாலும் பொருந்தும். மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைப் போதகர்களின் வீடுகளிலும், கனடாவிலும் இலண்டனிலும் உள்ள தமிழ்ச் சபைகளிலும் இதே கதைதான். மக்களைத் தேற்றுவதற்கென்று ஒருவரை வைத்திருக்கிறோம். அவர் சோர்ந்து போனால் என்ன செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பழைய ஆட்களின் நிழல்

வடக்கில் ஒரு குரு விமர்சிக்கப்படும்போது அவர் பெரும்பாலும் தனக்கு முன்னால் இருந்தவர்களோடு ஒப்பிடப்படுகிறார். மன்னாரில் அந்த ஒப்பீடு மிகவும் கனமானது. 1984 டிசம்பர் 13ஆம் திகதி முருங்கன் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் வீதியில் கொல்லப்பட்டார். ஒரு மாதம் கூடக் கழியவில்லை, 1985 ஜனவரி 6ஆம் திகதி வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் கொல்லப்பட்டார். 2007 செப்டெம்பரில் இடம்பெயர்ந்த மக்களுக்குப் பணியாற்றிக்கொண்டிருந்த பாக்கியரஞ்சித் அடிகளார் கிளைமோர்த் தாக்குதலில் உயிரிழந்தார். இவர்களின் படங்கள் தொங்கும் மண்ணில்தான் இன்றைய இளம் குரு ஒலிவாங்கியைப் பிடிக்கிறார்.

போர்க்காலத்தில் குருவானவர் பூசை வைப்பவர் மட்டுமல்ல. அகதி முகாமின் பொறுப்பாளர் அவர். பிடிபட்ட பிள்ளையைக் கேட்டு இராணுவ முகாமுக்குப் போகிறவர் அவர். அரிசி பங்கிடுவதும் செத்தவர்களை அடக்குவதும் அவர்தான். மன்னார் ஆயராக 1992 முதல் 2016 வரை இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 146,679 பேர் பற்றிய கணக்கு இல்லை என்று சொன்னதை யாரும் மறக்கவில்லை. அப்படியான ஓர் ஆயரின் மறைமாவட்டத்தில் ஒரு பங்குத்தந்தையிடம் சனம் எதிர்பார்ப்பதற்கு எல்லை இருக்குமா?

போர் முடிந்தது, எதிர்பார்ப்பு முடியவில்லை. வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் விடுபட்டால் பாதர் பேச வேண்டும். காணிப் பிரச்சினை, கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர், மீன்பிடித் தகராறு, குடித்துவிட்டு அடிக்கும் கணவன், க.பொ.த. சாதாரண தரத்தில் தவறிய மகன், எல்லாம் அறைவீட்டுக்குத்தான் வரும். 2025இல் மன்னார் தீவில் காற்றாலைத் திட்டத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிரான போராட்டங்களில் குருக்கள் முன்வரிசையில் நின்றார்கள். நின்றால் ‘அரசியல் செய்கிறார்’, நிற்காவிட்டால் ‘வாய் திறக்கிறாரில்லை’. இரண்டையும் ஒரே ஆளே வெவ்வேறு வாரங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. திருவிழா நேரலையில் போகிறது. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டு, தான் அனுப்பிய காசில் போட்ட பந்தல் சரியில்லை என்று வட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார். முன்பு மர நிழலோடு போன பேச்சு இப்போது எழுத்தாக நிற்கிறது. பாதரும் வாசிப்பார், பாதரின் வயது போன தாயும் வாசிப்பார்.

தனக்கு எதிரான கடிதத்தில் கையெழுத்திட்டவர்

பங்குத்தந்தையருக்குப் பாதுகாவலர் என்று திருச்சபை ஒருவரை வைத்திருக்கிறது. பிரான்சின் ஆர்ஸ் ஊரில் இருந்த ஜோன் மரிய வியான்னி. ஆகஸ்ட் 4ஆம் திகதி அவருடைய திருநாள் வரும்போது நாமும் பாதருக்கு மாலை போட்டு கேக் வெட்டுகிறோம். ஆனால் அவர் தன் பங்கில் பட்ட பாட்டை மறையுரைகளில் அதிகம் கேட்டதில்லை.

1786இல் பிறந்தவர், விவசாயக் குடும்பம். இலத்தீன் மண்டையில் ஏறவில்லை. குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். மிகுந்த சிரமத்தின் பின் 1815இல் குருவானார். 1818இல் ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டபோது அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 230 பேர். நம் ஊர்களின் ஓர் அன்பியம், இரண்டு அன்பியம் அளவுதான்.

போனவர் சும்மா இருக்கவில்லை. மதுக்கடைகளையும் நடனத்தையும் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதையும் கடுமையாகத் தாக்கிப் பேசினார். சிலர் திருந்தினார்கள். சிலர் கொதித்தார்கள். பெயரில்லாக் கடிதங்கள் வந்தன. ஒரு பெண்ணோடு சேர்த்து அவதூறு பரப்பினார்கள். அவருடைய கதவில் அசிங்கம் பூசினார்கள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: நடன விடயத்தில் அவர் அளவுக்கு மிஞ்சிக் கடுமையாக இருந்தார் என்பதே என் எண்ணம். இளம் பிள்ளைகள் ஆடியதை அவர் பார்த்த விதத்தில் இன்று எந்தப் பங்குத்தந்தையும் பார்க்க மாட்டார். ஆகவே அவரை விமர்சித்தவர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் அல்லர். ஆனால் நடனம் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கும் கதவில் அசிங்கம் பூசுவதற்கும் இடையில் நெடுந்தூரம்.

சக குருக்களும் விடவில்லை. படிப்பறிவு குறைந்த இந்த ஆள் ஆன்மாக்களை வழிநடத்தத் தகுதியற்றவர் என்று ஆயருக்கு ஒரு கூட்டு மனு சுற்றுக்கு விட்டார்கள். அந்த மனு எப்படியோ வியான்னியின் கையிலேயே வந்து சேர்ந்தது. வாசித்தார். தானும் அதில் கையெழுத்திட்டு ஆயருக்கு அனுப்பி வைத்தார்.

இந்தச் சம்பவத்தை அவருடைய தாழ்மைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் களைப்பும் தெரிகிறது. தன்னைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை உண்மையென்று நம்பத் தொடங்கிய ஒரு மனிதனின் கையெழுத்து அது. ஏனென்றால் அதே மனிதர் ஆர்ஸிலிருந்து தப்பிப் போகத் திரும்பத் திரும்ப முயன்றார். 1843இல் கடும் நோயிலிருந்து எழும்பியதும் சொந்த ஊருக்கே போய்விட்டார், சில நாட்களில் திரும்பி வந்தார். 1853 செப்டெம்பரில் இரவோடு இரவாகப் புறப்பட்டார். செய்தி கசிந்து, ஊர் கோயில் மணியை அடித்து எழும்பி, வழியை மறித்து நின்றது. அவரைப் போக விடவில்லை. இதற்குள் அவருடைய ஒப்புரவு அருட்சாதனத்துக்காகப் பிரான்ஸ் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்துகொண்டிருந்தார்கள். நாளொன்றுக்குப் பதினாறு மணித்தியாலம் வரை அந்தப் பெட்டிக்குள் இருந்தார். அதாவது வெற்றி பெற்ற பின்னும் சோர்வு போகவில்லை. பாராட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவரைத் தாங்கியது என்ன? பெல்லே மறைமாவட்ட ஆயர் டெவி முறைப்பாடுகளை விசாரித்தார், கிழித்து எறியவில்லை. விசாரித்த பின் வியான்னியின் பக்கம் வெளிப்படையாக நின்றார். 1859 ஆகஸ்ட் 4ஆம் திகதி வியான்னி ஆர்ஸிலேயே இறந்தார். 1925இல் புனிதர் ஆனார். அவருடைய 160ஆவது நினைவு நாளான 2019 ஆகஸ்ட் 4 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உலகெங்கும் உள்ள குருக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். களைத்துப் போன குருக்களுக்கு நன்றி சொல்லி எழுதப்பட்ட கடிதம் அது.

முதலில் அப்பம், பிறகு அறிவுரை

விவிலியத்தில் இதே சோர்வு பல இடங்களில் வருகிறது. பாலைவனத்தில் மக்கள் இறைச்சி கேட்டு முறுமுறுத்தபோது, இந்தச் சனத்தைத் தனியே சுமக்க முடியாது, என்னைக் கொன்றுவிடும் என்று மோசே கடவுளிடம் கேட்கிறார். எலியா ஒரு செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு சாவு கேட்கிறார். கொரிந்துச் சபையில் பவுலைப் பற்றி, கடிதத்தில்தான் வீரம், நேரில் ஆளும் பேச்சும் ஒன்றுக்கும் உதவாது என்று கதைத்தார்கள். அவரே அதைத் தன் கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். மறையுரை சரியில்லை என்ற முறைப்பாடு அவ்வளவு பழையது.

இந்தக் கதைகளில் அவர்களுக்குக் கிடைத்த உதவியைப் பாருங்கள். எலியாவுக்குத் தூதர் முதலில் எதுவும் போதிக்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், திரும்பத் தூங்க விட்டார், எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னார். அதன் பிறகுதான் பேச்சு. கடைசியில் எலிசா என்ற துணையும் கிடைத்தார். மோசேக்குக் கிடைத்தது எழுபது மூப்பர்கள், சுமையைப் பங்கிட. ‘தைரியமாய் இருங்கள்’ என்ற சொல்லோடு விட்டுவிடவில்லை.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சோர்ந்த குருவிடம் போய், “செபியுங்கோ பாதர், எல்லாம் சரிவரும்” என்கிறோம். செபிக்கத் தெரியாமல் அவர் குருவாகவில்லை. அவர் மத்தியானம் சாப்பிட்டாரா என்று கேட்க ஆளில்லை. வீடுகளிலிருந்து முறை வைத்துச் சாப்பாடு போகும் பங்குகளில் எந்த வீட்டின் முறை தவறியது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்ல மாட்டார்.

அமெரிக்காவின் பார்னா ஆய்வு நிறுவனம் 2022 மார்ச்சில் புரட்டஸ்தாந்து போதகர்களிடம் கேட்டபோது, கடந்த ஓராண்டுக்குள் முழுநேரப் பணியை விட்டுவிட நினைத்ததாக 42 வீதமானோர் சொன்னார்கள். அப்படி நினைத்தவர்களில் 56 வீதமானோர் பணியின் கடும் அழுத்தத்தையும், 43 வீதமானோர் தனிமையையும் காரணமாகச் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் மனைவி பிள்ளைகள் உண்டு. நம் கத்தோலிக்கக் குரு இரவு எட்டு மணிக்கு அறைவீட்டுக் கதவைச் சாத்தினால் உள்ளே அவரும் தொலைபேசியும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

பலருக்குத் தெரியாத ஒன்று: 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு விமர்சனத்தைத் தடுக்கவில்லை. திருச்சபையின் நன்மை பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல மக்களுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும் கூட என்று 212ஆவது சட்டம் சொல்கிறது. மரியாதையோடும் பொதுநன்மையைக் கருதியும் சொல்ல வேண்டும் என்பதே நிபந்தனை. ‘பாதரைப் பற்றிக் கதைச்சால் சாபம்’ என்று வாயை அடைக்கும் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

அதேபோல ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537ஆவது சட்டம். மேய்ப்புப்பணிச் சபை ஆலோசனை சொல்வது, தேவையென ஆயர் கருதினால் அமைக்கப்படுவது. ஆனால் நிதிக்குழு கட்டாயம். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆவது சட்டம் சொல்கிறது. என் அனுபவத்தில் குருக்கள் மீதான மனக்கசப்பில் பெரும்பகுதி காசில்தான் தொடங்குகிறது. அதுவும் களவு என்பதால் அல்ல, கணக்கு ஒட்டப்படாததால். திருவிழா முடிந்த இரண்டாம் ஞாயிறு ஒரு தாளில் வரவு செலவை எழுதிக் கோயில் பலகையில் ஒட்டினால் மர நிழல் கூட்டத்தின் பாதி கலைந்துவிடும்.

குருவுக்கும் சட்டம் உண்டு. ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறை எடுக்கலாம் (533), தியானத்துக்குப் போகும் நாட்கள் அதற்குள் அடங்கா. எத்தனை பங்குத்தந்தையர் அந்த மாதத்தை முழுதாக எடுக்கிறார்கள் என்று உங்கள் பாதரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் வீட்டுக்குப் போய்வந்தால் ‘பாதர் பங்கில் நிற்பதில்லை’ என்பதும் நாம்தான்.

பங்குத்தந்தையை ஆயர் பதவி நீக்குவதற்கும் முறை இருக்கிறது (1740 முதல்). பங்கில் நல்ல மனிதர்களிடையே அவருடைய பெயர் கெட்டு, வெறுப்பு இலகுவில் தணியாது என்ற நிலையும் ஒரு காரணமாகலாம். ஆனால் ஆயர் விசாரிக்க வேண்டும், அதற்கென நியமிக்கப்பட்டவர்களில் இரண்டு பங்குத்தந்தையரோடு கலந்து பேச வேண்டும், அவருடைய பதிலையும் கேட்க வேண்டும். ஆயர் இல்லத்துக்கு ஒரு பஸ் பிடித்துப் போய்ச் சத்தம் போட்டால் மாற்றம் வரும் என்பது சட்டமல்ல, பழக்கம்.

ஒன்றைக் கலக்காமல் சொல்ல வேண்டும். தேற்றுதல் என்ற பெயரில் குற்றத்தை மூடக் கூடாது. சிறுவர் மீதான துஷ்பிரயோகம் பங்குச் சபையில் பேசித் தீர்க்கும் விடயமல்ல. அது பொலிசுக்கும், 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் போக வேண்டியது. பாதரின் மனம் நோகும் என்று அங்கே யாரும் தயங்கக் கூடாது. நாம் இங்கே பேசுவது மறையுரையின் நீளம், திருவிழா ஒழுங்கு, பாடகர் குழுத் தகராறு, எந்தத் தெருவுக்குச் சுற்றுப்பிரகாரம் போனது என்பன பற்றி.

சரி, ஒரு சாதாரண பங்குமகனோ மகளோ என்ன செய்யலாம்? ‘சனம் கதைக்குது’ என்ற வசனத்தோடு அறைவீட்டுக்குப் போகாமல் இருக்கலாம். அந்தச் சொல்லைப் போல ஒரு குருவை உடைப்பது வேறில்லை. பத்துப் பேர் சொன்னதா, இருநூறு பேர் சொன்னதா என்று அவருக்குத் தெரியாது, பீடத்தில் நின்று பார்க்கும்போது எல்லா முகமும் ஒன்றாகவே தெரியும். உங்கள் கருத்தென்றால் உங்கள் பெயரில் சொல்லுங்கள். இல்லையென்றால் அதைச் சுமந்து போகாதீர்கள். பாராட்டும் அப்படியே. ‘நல்ல பிரசங்கம் பாதர்’ என்பது காற்றோடு போகும். ‘அம்மாவின் அடக்கத்தில நீங்கள் சொன்னதை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்’ என்றால் அது அவரோடு நெடுநாள் இருக்கும். பக்கத்துப் பங்குக் குருக்களுக்கும் இதில் பங்கு உண்டு. மறைக்கோட்டக் கூட்டத்தில் ஒரு முகம் இரண்டு தடவை வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும்.

குருவுக்கும் ஒரு வார்த்தை சொல்லலாமென்றால், வியான்னியின் ஆயரைப் பின்பற்றலாம். முறைப்பாட்டை விசாரித்து, உண்மையான பகுதியை எடுத்து, மீதியை விட்டுவிடுவது. பீடத்திலிருந்து மறைமுகமாகப் பதிலடி கொடுக்கும் மறையுரைதான் மிகவும் செலவு கூடிய மறையுரை. குறிவைத்தவர் அன்று கோயிலுக்கு வந்திருக்க மாட்டார், வராத ஒருவருக்காக வந்தவர்கள் அடி வாங்குவார்கள்.

இதையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், குறைவுதான். இருபத்திரண்டு வயதில் ஒரு பங்குத்தந்தைக்கு எதிரான கூட்டுக் கடிதத்தில் நானும் கையெழுத்திட்டேன். எந்தப் பங்கு, எந்தக் குரு என்பது வேண்டாம். திருவிழா இசைநிகழ்ச்சியை அவர் நிறுத்தியதுதான் எங்கள் கோபம். கடிதத்தில் கணக்கு, பக்கச்சார்பு, கோபக்காரர் என்று ஏழெட்டுக் குற்றச்சாட்டு சேர்த்தோம். ஆறு மாதத்தில் அவர் மாற்றலாகிப் போனார். நாங்கள் வென்றதாகவே நினைத்தோம்.

பல ஆண்டுகளின் பின் ஒரு வைத்தியசாலை விறாந்தையில் அவரைக் கண்டேன். அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சுற்றி வளைத்து நான் கடிதத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது கையை உயர்த்தி நிறுத்தினார். “கணக்கு விசயம் நீங்கள் எழுதினது சரி தம்பி. நான் ஒட்டியிருக்க வேணும். ஒருதரும் என்னட்ட நேர வந்து கேக்கேல்லை, அதுதான்” என்றார். அந்த ஆண்டு முழுக்க இரவில் தூக்கமில்லாமல் இருந்ததையும், அந்தக் கடிதத்தில் இருந்த கையெழுத்துகளில் பன்னிரண்டு பேரின் வீட்டில் தான் சாப்பிட்டிருந்ததையும் கோபமில்லாமல், யாரோ ஒருவருடைய கதையைப் போலச் சொன்னார்.

உள்ளே கூப்பிட்டார்கள். எழும்பும்போது கேட்டார்: “அந்தக் கடிதத்தை எழுதினது ஆர்? நல்ல தமிழ். அந்தப் பெடியன் இப்ப என்ன செய்யிறான்?”

எழுதியது நான்தான் என்று அப்போதும் சொல்லவில்லை.